எண்ணப்படுவோரும் வாக்களிப்போரும்

தொகுதி மறுவரையறை என்ற பேச்சு தமிழ்நாட்டில் எழும்போதெல்லாம், மக்களவையில் இம்மாநிலத்துக்குரிய 39 இடங்கள் குறையுமா, கூடுமா, அப்படியே நிலைக்குமா என்ற ஒரே கேள்வியாக அது சுருங்கிவிடுகிறது. அக்கேள்வியின் முக்கியத்துவத்தை மறுக்க முடியாது. ஆயினும் மறுவரையறை என்னும் செயலுக்குள் வேறுபட்ட இரண்டு பணிகள் அடங்கியிருக்கின்றன. மக்களவை இடங்களை மாநிலங்களுக்கிடையே பகிர்ந்தளிப்பது முதற்பணி. ஒரு மாநிலத்துக்குக் கிடைத்த இடங்களை அம்மாநில நிலப்பரப்பின்மீது எல்லை வகுத்துத் தொகுதிகளாகப் பிரிப்பது இரண்டாம் பணி. முதலாவதில் தமிழ்நாடு தன் பங்கைப் பிற மாநிலங்களோடு ஒப்பிட்டு வாதிடுகிறது. இரண்டாவதில் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு வட்டாரத்தின் பங்கு மற்றொரு வட்டாரத்தின் பங்கோடு ஒப்பிடப்படுகிறது. இவ்விரண்டுக்கும் அடியில், தொகுதியை அளக்கும்போது எவரெவரை எண்ணுவது என்ற மூன்றாவது கேள்வி கிடக்கிறது. இம்மூன்றும் ஒரே இடத்தில் வெளிப்படையாகத் தெரியும் வட்டாரங்களுள் ஒன்று, ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டி முதல் ஆவடி, அம்பத்தூர் வரை பரந்து கிடக்கும் திருவள்ளூர்த் தொழில் வட்டாரம்.

சட்டம் சொல்வது

மக்களவை இடங்கள் குறித்த அடிப்படை விதி அரசமைப்புச் சட்டத்தின் 81ஆவது பிரிவில் இருக்கிறது. ஒரு மாநிலத்தின் மக்கள்தொகைக்கும் அதற்கு ஒதுக்கப்படும் இடங்களுக்கும் உள்ள விகிதம், இயன்றவரை எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று அப்பிரிவின் ஒரு கூறு சொல்ல, ஒரே மாநிலத்துக்குள் ஒவ்வொரு தொகுதியின் மக்கள்தொகையும் இயன்றவரை சமமாக இருக்கவேண்டும் என்று அதனை அடுத்த கூறு தனியே சொல்கிறது. மேலே குறித்த இரண்டு பணிகளும் சட்டத்திலேயே பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன என்பது இங்கு நினைவில் நிறுத்தத்தக்கது. 82ஆவது பிரிவு, ஒவ்வொரு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின்னும் இவ்விரண்டையும் சரிசெய்யவேண்டும் என்கிறது. சட்டப்பேரவைத் தொகுதிகளுக்கு இதே ஏற்பாட்டை 170ஆவது பிரிவு வகுக்கிறது. இதன்படி 1952, 1963, 1973, 2002 ஆகிய ஆண்டுகளில் மறுவரையறை ஆணையங்கள் அமைக்கப்பட்டன.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல் நிறைவேறிய 42ஆவது திருத்தம் இந்த ஒழுங்கை நிறுத்திவைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டை முனைந்து செயல்படுத்தும் மாநிலம், மக்கள்தொகை வளர்ச்சி குறைந்ததன் விளைவாக நாடாளுமன்ற இடங்களை இழக்க நேர்ந்தால் அது நன்மை செய்ததற்குக் கிடைத்த தண்டனையாகிவிடும் என்ற எண்ணத்தில், மாநிலங்களின் இடங்கள் 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் அடிப்படையில் 2000ஆம் ஆண்டுக்குப் பிந்திய முதல் கணக்கெடுப்பு வரை மாறாமல் வைக்கப்பட்டன. அக்கெடு முடியும் தறுவாயில் 2001இல் நிறைவேறிய 84ஆவது திருத்தம் அதனை 2026ஆம் ஆண்டுக்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. ஆனால் அத்திருத்தம் இரண்டு பணிகளையும் ஒருசேர முடக்கவில்லை. மாநிலத்துக்குரிய மொத்த இடங்களைத் தொடாமல், மாநிலத்துக்குள் எல்லைகளை மட்டும் திருத்த அது இடம்கொடுத்தது. அதற்கு 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பையே அடிப்படையாகக் கொள்ளவேண்டும் என்று 2003இல் 87ஆவது திருத்தம் வரையறுத்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் அப்படி வகுத்த எல்லைகள் 2008இல் நடைமுறைக்கு வந்தன. தமிழ்நாட்டில் 2009 மக்களவைத் தேர்தலும் 2011 சட்டப்பேரவைத் தேர்தலும் அவ்வெல்லைகளின்படி முதன்முதலாக நடந்தன.

நாற்பத்தொன்றிலிருந்து முப்பத்தொன்பது

இடங்களை இழக்கும் அச்சம் தமிழ்நாட்டில் கற்பனையாக எழுந்ததன்று. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபின் நடந்த 1957, 1962 தேர்தல்களில் சென்னை மாநிலத்துக்கு மக்களவையில் 41 இடங்கள் இருந்தன; 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை அடியொற்றி நடந்த மறுவரையறைக்குப் பின், 1967 தேர்தலில் அவை 39 ஆயின. அவ்விரண்டு இடங்களின் இழப்பைச் சுட்டிக்காட்டி, மாநிலத்துக்கு 5,600 கோடி ரூபாய் இழப்பீடு ஏன் வழங்கக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் கேள்வி எழுப்பியதும் உண்டு. அதே காலத்தில் சட்டப்பேரவையின் அளவு எதிர்த்திசையில் நகர்ந்தது: 1957இல் 205ஆக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை 1962இல் 206ஆகவும் 1967இல் 234ஆகவும் உயர்ந்தது. 205க்கும் 206க்கும் இடையிலுள்ள அந்த ஓர் இடம் திருவள்ளூர் வட்டாரத்தோடு நேரடித் தொடர்புடையது. 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணிப் பகுதி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தபோது, ஆந்திரப் பேரவையின் ஓர் உறுப்பினர் இடமும் அப்பகுதியோடு சேர்ந்து இங்கு வந்தது. எல்லையும் மக்கள்தொகையும் மாறும்போது பிரதிநிதித்துவமும் உடன் நகர்ந்ததற்கு இம்மாவட்டமே பழைய சான்று.

நிறுத்திவைப்பு நீங்கினால் என்ன ஆகும் என்பதை எளிய வகுத்தல் கணக்கால் அறியலாம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகை 121 கோடி. அதனை மக்களவையின் 543 இடங்களால் வகுத்தால் ஓர் இடத்துக்கு ஏறத்தாழ 22.3 லட்சம் பேர் வருகிறார்கள். 7.21 கோடி மக்களைக் கொண்ட தமிழ்நாட்டுக்கு அவ்வளவின்படி 32 இடங்களும், 3.34 கோடி மக்களைக் கொண்ட கேரளத்துக்கு இப்போதுள்ள 20க்குப் பதிலாக 15 இடங்களும், 20 கோடியை நெருங்கும் உத்தரப் பிரதேசத்துக்கு 80க்குப் பதிலாக 90 இடங்களும் கிடைக்கும். மறுதரப்பின் வாதமும் இதே கணக்கிலிருந்துதான் பிறக்கிறது. தமிழ்நாட்டில் 18.5 லட்சம் பேருக்கு ஒரு மக்களவை உறுப்பினர் இருக்க, பீகாரில் 26 லட்சம் பேருக்கும் ராஜஸ்தானில் 27 லட்சம் பேருக்கும் ஒருவர் என்ற நிலை, ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒவ்வொரு வாக்குக்கும் ஒரே மதிப்பு என்ற மக்களாட்சிக் கொள்கைக்கு இசையுமா என்று அத்தரப்பு கேட்கிறது. அக்கேள்விக்கு எண்களால் மட்டும் விடை காண முடியாது என்பதும், கூட்டாட்சியில் மாநிலங்களுக்கிடையிலான சமநிலையும் ஒரு மதிப்பு என்பதும் தென்மாநிலங்களின் மறுமொழி. 2025 மார்ச் 5 அன்று சென்னையில் கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டம் 1971ஆம் ஆண்டின் அடிப்படையே 2026இலிருந்து மேலும் 30 ஆண்டுகளுக்குத் தொடரவேண்டும் என்று தீர்மானித்தது. அதே மாதம் 22ஆம் நாள் கேரளம், தெலங்கானா, பஞ்சாப் முதலமைச்சர்களும் கர்நாடகத் துணை முதலமைச்சரும் கலந்துகொண்ட கூட்டு நடவடிக்கைக் குழு, நிறுத்திவைப்பை இன்னும் 25 ஆண்டுகளுக்கு நீட்டவேண்டும் என்றது. தென்மாநிலங்கள் ஓர் இடத்தையும் இழக்கமாட்டா என்று ஒன்றிய உள்துறை அமைச்சர் 2025 பிப்ரவரியில் கோவையில் கூறியிருந்தார். இடங்கள் குறையாமல் அவையின் மொத்த அளவு பெருகும்போது மாநிலத்தின் விழுக்காட்டுப் பங்கு என்னவாகும் என்பதே அதன்பின் எழுந்த வினா.

மாநிலத்துக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வு

இந்த வாதப் பிரதிவாதத்தில் மறைந்துபோவது இரண்டாம் பணி. திருவள்ளூர் மாவட்டம் 1997இல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்தது, 2001இல் 27.5 லட்சமாக இருந்த அதன் மக்கள்தொகை 2011இல் 37.3 லட்சமாயிற்று. பத்தாண்டில் மாநிலம் முழுவதும் சேர்ந்து 15.6 விழுக்காடு வளர, இம்மாவட்டம் 35 விழுக்காடு வளர்ந்தது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை இரண்டுக்கும் கீழே இறங்கிவிட்ட காலத்தில், இத்தகைய வளர்ச்சியைப் பிறப்புகளால் மட்டும் விளக்க முடியாது. வீட்டு வாடகை தாளாமல் சென்னையிலிருந்து புறநகருக்குப் பெயர்ந்தவர்களும், உள்மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வேலை தேடி வந்தவர்களும் சேர்ந்தே இவ்வெண்ணிக்கையை உயர்த்தினார்கள். ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை, அம்பத்தூர் தொழிற்பேட்டை, எண்ணூர், அத்திப்பட்டு வட்டாரத்தின் அனல் மின் நிலையங்கள், காமராசர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழில் வளாகத்தின் இரும்புருக்கு ஆலைகள், தேர்வாய் கண்டிகையின் டயர் தொழிற்சாலை என வேலைவாய்ப்பு வடக்கே நகர நகர, குடியிருப்பும் அதன் பின்னால் நகர்ந்தது.

2008ஆம் ஆண்டின் மறுவரையறை இந்நகர்வை ஓரளவு பின்தொடர்ந்தது. பழைய வில்லிவாக்கம் போன்ற மிகப்பெரிய தொகுதிகள் பிரிக்கப்பட்டு, ஆவடி, அம்பத்தூர், மதுரவாயல், மாதவரம் ஆகிய புதிய சட்டப்பேரவைத் தொகுதிகள் உருவாயின. மறுபுறம், மாவட்டத்தின் மேற்கு ஓரத்திலிருந்த பள்ளிப்பட்டுத் தொகுதி நீக்கப்பட்டது. முதல் மூன்று பொதுத் தேர்தல்களில் இருந்து 1967இல் மறைந்துபோன திருவள்ளூர் மக்களவைத் தொகுதி, கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர், பூந்தமல்லி, ஆவடி, மாதவரம் ஆகிய ஆறு பேரவைத் தொகுதிகளோடு மீண்டும் பிறந்தது. அது பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனித் தொகுதியாகவும் அமைந்தது. அதற்குள் பொன்னேரியும் பூந்தமல்லியும் பேரவைத் தேர்தலுக்கும் தனித் தொகுதிகள். கும்மிடிப்பூண்டிப் பகுதி முன்பு அடங்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர், தனித் தொகுதி என்ற நிலையிலிருந்து பொதுத் தொகுதியாக மாறியது. மாநிலம் முழுவதும் பேரவையின் தனித் தொகுதிகள் பட்டியல் சாதியினருக்கு 42இலிருந்து 44ஆக உயர்ந்து, பழங்குடியினருக்கு 3இலிருந்து 2ஆகக் குறைந்தன. எல்லைக்கோட்டை வரைபவர் எந்த ஊரை எத்தொகுதியில் சேர்க்கிறார் என்பதோடு, எந்தச் சமூகத்தார் எங்கே போட்டியிடலாம் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறார் என்பதை இம்மாற்றங்கள் காட்டுகின்றன.

எனினும் அவ்வாணையத்தின் கையில் இருந்தது 2001ஆம் ஆண்டுக் கணக்கு. அதன்பின் நடந்த வளர்ச்சி எதுவும் வரைபடத்தில் ஏறவில்லை. 2021 சட்டப்பேரவைத் தேர்தலின்போது மாதவரம், மதுரவாயல், ஆவடி ஆகியவற்றில் ஒவ்வொன்றிலும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருக்க, அதே மாவட்டத்தில் எல்லை வகுக்கப்பட்ட கும்மிடிப்பூண்டியிலும் பொன்னேரியிலும் 3 லட்சத்துக்கும் குறைவாகவே இருந்தார்கள்; நாகை மாவட்டத்துக் கீழ்வேளூரில் அவ்வெண்ணிக்கை 2 லட்சத்தையும் எட்டவில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுத் தொகுதியொன்றின் சராசரி ஏறத்தாழ 16 லட்சம் வாக்காளர்கள். திருவள்ளூரில் 20 லட்சத்துக்கும் மேல், அண்டையிலுள்ள மற்றொரு தொழில் வட்டாரமான ஸ்ரீபெரும்புதூரில் 23 லட்சத்துக்கும் மேல், நாகப்பட்டினத்தில் 13 லட்சத்தளவு. தொகுதி மேம்பாட்டு நிதியாக ஒவ்வொரு மக்களவை உறுப்பினருக்கும் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் என்பது எல்லாத் தொகுதிக்கும் பொதுவான அளவு. அதனை வாக்காளர் எண்ணிக்கையால் வகுத்தால் நாகப்பட்டினத்தில் ஒருவருக்கு ஏறத்தாழ 38 ரூபாயும் திருவள்ளூரில் 25 ரூபாய்க்கும் குறைவாகவும் வருகின்றன. சாலையும் குடிநீரும் மிகுதியாக வேண்டியிருக்கும் புதுக் குடியிருப்புகளுக்குத் தலைக்குக் கிடைப்பது குறைவு என்பது இதன் பொருள். நிர்வாக எல்லையும் தேர்தல் எல்லையும் பொருந்தாத சிக்கலும் இதோடு சேர்ந்துகொண்டது. 2018இல் சென்னை மாவட்டம் விரிவாக்கப்பட்டபோது அம்பத்தூர், மாதவரம், மதுரவாயல், திருவொற்றியூர் வட்டங்கள் வருவாய் நிர்வாகத்தில் சென்னைக்குப் போயின. தொகுதிக் கோடுகள் 2008இல் வரைந்தபடியே நின்றன.

எண்ணிக்கையில் இருந்து பட்டியலில் இல்லாதோர்

மூன்றாவது கேள்விக்கு வரும்போது, தொகுதி அளவிடப்படுவது மக்கள்தொகையால், தேர்தல் நடத்தப்படுவது வாக்காளர் பட்டியலால் என்ற வேறுபாட்டை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளவேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு குழந்தைகள், குடியுரிமை இல்லாதோர் உட்பட நாட்டில் இருக்கும் அனைவரையும் எண்ணுகிறது. எண்ணும் காலம் முழுவதும் சொந்த ஊரைவிட்டு வெளியே இருப்பவர், எங்கே இருக்கிறாரோ அங்கேயே கணக்கில் சேர்க்கப்படுகிறார். வாக்காளர் பட்டியலோ, 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி, தொகுதியில் வழக்கமாக வசிக்கும் பதினெட்டு வயது நிரம்பிய குடிமக்களை மட்டும் ஏற்கிறது. ஒருவர் ஒரே தொகுதியில் மட்டுமே பெயர் பதியலாம். பெரும்பாலான ஊர்களில் இவ்விரு கணக்குகளுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழக் குழந்தைகளின் எண்ணிக்கை அளவே இருக்கும். கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் அவ்வேறுபாட்டுக்குள் மூன்று பெருங்கூட்டத்தார் அடங்கியிருக்கிறார்கள்.

முதற்கூட்டத்தார் சிப்காட் வளாகத்தின் உருக்கு உலைகளிலும் கம்பி உருட்டாலைகளிலும் வேலை செய்யும் பீகார், உத்தரப் பிரதேசம், ஒடிசா, அசாம் மாநிலத் தொழிலாளர்கள். ஆலையை ஒட்டிய தங்குமிடங்களில் ஆண்டின் பெரும்பகுதியைக் கழித்தாலும் அவர்களுள் பெரும்பாலோரின் வாக்கு சொந்த ஊரில்தான் இருக்கிறது. இரண்டாம் கூட்டத்தார் மேற்கு ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வந்து மாவட்டத்தின் செங்கல் சூளைகளில் வேலை செய்வோர். மழைக்காலம் முடிந்தபின் வந்து, அடுத்த மழைக்கு முன் திரும்பும் இவர்கள் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சூளையில்தான் இருப்பார்கள். 2011இல் கணக்கெடுப்பு நடந்ததும் பிப்ரவரி 9 முதல் 28 வரைதான். 2025 ஜூன் 16 அன்று வெளியான அறிவிக்கை 2027 மார்ச் 1ஆம் நாளைக் கணக்கெடுப்பின் ஆதார நாளாகக் குறித்திருப்பதால், அக்கணக்கும் சூளைப் பருவத்தின் நடுவிலேயே விழுகிறது. மூன்றாம் கூட்டத்தார் கும்மிடிப்பூண்டியில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வாழ்வோர். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இங்கேயே வாழ்ந்து, இங்கேயே பிள்ளைகளைப் படிக்கவைத்துவரும் இவர்களுள் பெரும்பாலோர் குடியுரிமை இல்லாத காரணத்தால் எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

இதன் விளைவு இருமுனைப்பட்டது. மாநிலங்களுக்கிடையிலான பங்கீட்டில், தமிழ்நாட்டின் ஆலைகளுக்கு வந்து இங்கே எண்ணப்படும் ஒவ்வொரு பீகார்த் தொழிலாளியும் தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் ஒன்றைக் கூட்டி, பீகாரின் மக்கள்தொகையில் ஒன்றைக் குறைக்கிறார்; வடமாநிலங்களின் தொகை பெருகுவதால் தன் இடங்கள் குறையும் என்று அஞ்சும் மாநிலத்தின் பங்கை வடமாநிலத்தவரே சிறிதளவு தாங்கிப்பிடிக்கிறார்கள். தொகுதி அளவில், வாக்கில்லாத இவர்களையும் சேர்த்து எண்ணி ஒரு தொகுதியின் எல்லை வகுக்கப்பட்டால், அத்தொகுதியில் வாக்குள்ளவரின் வாக்குக்கு மற்ற இடங்களைவிட எடை கூடும். அவ்வெடை எவருடைய தலையை எண்ணிக் கிடைத்ததோ, அவரிடம் வாக்குக் கேட்டு வரவேண்டிய தேவை வேட்பாளருக்கு இல்லை. தொழிலாளர் தங்குமிடத்தின் கழிப்பறையும் சூளைக் குழந்தைகளின் பள்ளியும் தேர்தல் வாக்குறுதிகளில் அரிதாகவே இடம்பெறுவதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம் எனலாம்.

பிற நாடுகளின் அனுபவம்

எண்ணப்படுவோருக்கும் வாக்களிப்போருக்கும் இடையிலான இவ்விடைவெளியின் மிகக் கசப்பான எடுத்துக்காட்டு இலங்கையில் உள்ளது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. ஆனால் மாகாணங்களுக்கு எத்தனை இடங்கள் என்று கணக்கிடும்போது மொத்த மக்கள்தொகையே அளவுகோலாக இருந்ததால், அவர்கள் தொடர்ந்து எண்ணப்பட்டார்கள். அவர்களின் எண்ணிக்கையால் கண்டிப் பகுதிக்குக் கிடைத்த கூடுதல் இடங்களை, அவர்கள் வாக்களிக்க இயலாத தேர்தல்களில் அங்கிருந்த பிற வாக்காளர்கள் நிரப்பினார்கள்.

அமெரிக்காவில் இத்தகைய கேள்விகள் சில மாநிலங்களில் மக்கள் முன்னிலையிலேயே வாக்கெடுப்புக்கு வருகின்றன. ஒரு சட்ட முன்மொழிவைத் தேர்தல் நாளன்று வாக்குச்சீட்டில் அச்சிட்டு, ஆம் அல்லது இல்லை என்று மக்களே தீர்மானிக்கும் முறை அது. 1962இல் கொலராடோ மாநிலத்தில் இரண்டு முன்மொழிவுகள் வைக்கப்பட்டன: மாநிலப் பேரவையின் இரு அவைகளையும் மக்கள்தொகைப்படி வகுப்பது ஒன்று, கீழவையை மட்டும் மக்கள்தொகைப்படி வகுத்து, மேலவையில் மக்கள் குறைந்த பகுதிகளுக்குக் கூடுதல் இடம் தருவது மற்றொன்று. மக்கள் இரண்டாவதை ஏற்று முதலாவதைத் தள்ளினார்கள். 1964 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டைச் செல்லாதென அறிவித்தது. ஒரு குடிமகனின் வாக்குக்குரிய சம மதிப்பைப் பெரும்பான்மை வாக்காலும் பறிக்க முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். தொகுதியை மொத்த மக்கள்தொகையால் அளப்பதா, வாக்குரிமை உள்ளோரால் மட்டும் அளப்பதா என்ற வழக்கு டெக்சாஸ் மாநிலத்திலிருந்து சென்றபோது, மொத்த மக்கள்தொகையால் அளப்பது செல்லும் என்று 2016இல் அதே நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. உறுப்பினர் தமக்கு வாக்களித்தவருக்கு மட்டுமன்றி, குழந்தைகளும் வாக்கில்லாதோரும் உட்படத் தொகுதியில் வாழும் அனைவருக்கும் பிரதிநிதி என்ற கருத்து அதற்கு அடிப்படையாயிற்று. எல்லை வரையும் அதிகாரத்தை அரசியல்வாதிகளிடமிருந்து எடுத்துத் தனி ஆணையத்திடம் தரும் முடிவை அரிசோனா 2000இலும் கலிஃபோர்னியா 2008இலும் பொதுவாக்கெடுப்பால் எடுத்தன. அதே கலிஃபோர்னியா 2025 நவம்பரில், மற்றொரு வாக்கெடுப்பின்வழி, ஆணையம் வகுத்த நாடாளுமன்றத் தொகுதி எல்லைகளைத் தற்காலிகமாக விலக்கிவைத்தது. மக்களே நேரில் முடிவெடுத்தாலும் கட்சிக் கணக்கு அங்கும் நுழைந்துவிடுகிறது.

முடிவெடுப்போரும் முறையிடும் வழியும்

இந்தியாவில் மறுவரையறைக்குப் பொதுவாக்கெடுப்பு இல்லை. 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருப்பவர் அல்லது இருந்தவர் தலைவராகவும், தலைமைத் தேர்தல் ஆணையர் அல்லது அவர் நியமிக்கும் தேர்தல் ஆணையர், மாநிலத் தேர்தல் ஆணையர் ஆகியோர் உறுப்பினர்களாகவும் அமைந்த மூவர் ஆணையம் எல்லைகளை வகுத்தது. ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் மக்களவை உறுப்பினர் ஐவரும் சட்டப்பேரவை உறுப்பினர் ஐவரும் அதற்குத் துணை உறுப்பினர்களாக இருந்தார்கள். அவர்களுக்கு வாக்கு இல்லை. மக்கள்தொகையோடு, நிலப்பரப்பு ஒட்டியிருத்தல், ஆறு மலை போன்ற இயற்கை அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து வசதி ஆகியவற்றையும் ஆணையம் கருதவேண்டும். வரைவை வெளியிட்டு, பொது அமர்வு நடத்தி மக்களின் கருத்தைக் கேட்கவேண்டும். இறுதி ஆணை வெளியானபின் 329ஆவது பிரிவு நீதிமன்றத் தலையீட்டைத் தடுக்கிறது. 1966இல் உறுதிசெய்யப்பட்ட அத்தடைக்கு, வெளிப்படையாகத் தன்னிச்சையான ஆணை விதிவிலக்காகலாம் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தாலும், நடைமுறையில் வரைவு நிலையே மக்கள் குரல் எடுபடும் காலம். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடங்களை ஒதுக்கும் 2023ஆம் ஆண்டின் 106ஆவது திருத்தமும் அடுத்த கணக்கெடுப்பு, அதன்பின் மறுவரையறை என்ற வரிசையோடு பிணைக்கப்பட்டிருப்பதால், அவ்வரைவின் கனம் முன்னெப்போதையும்விடக் கூடுதலாக இருக்கும்.

இங்கே 84ஆவது, 87ஆவது திருத்தங்கள் கற்பித்த பாடம் பயன்படும். மாநிலங்களுக்கிடையிலான பங்கை மாற்றாமலே மாநிலத்துக்குள் எல்லைகளைத் திருத்த முடியும் என்பதற்கு 2008ஆம் ஆண்டின் வரைபடமே சான்று. ஆகவே, தில்லியில் 1971ஆம் ஆண்டின் பங்கு தொடரவேண்டும் என்று கோரும் தமிழ்நாடு, அதே 39 மக்களவை இடங்களும் 234 பேரவை இடங்களும் புதிய மக்கள்தொகையின்படி உள்ளே பகிரப்படவேண்டும் என்று கோருவதில் முரண்பாடில்லை. முதற்கோரிக்கையை வலியுறுத்துவதற்காக இரண்டாவதை ஒத்திப்போடுவது, ஆவடி, மாதவரம் வாக்காளரின் குறைந்த எடையை இன்னும் ஒரு தலைமுறைக்கு நீட்டிப்பதாகும். மறுபுறம், மக்கள்தொகைப் பங்கு குறைந்துவரும் காவிரிப் படுகையின் தொகுதிகள் சில அதனால் மறையக்கூடும் என்பதால், தில்லியை நோக்கித் தமிழ்நாடு எழுப்பும் அதே நியாயத்தை நாகையும் திருவாரூரும் சென்னையை நோக்கி எழுப்பும். அவ்விவாதத்தை நேர்மையாக நடத்துவதற்கு, மாநிலங்களுக்கிடையில் ஓர் அளவுகோலும் மாநிலத்துக்குள் வேறோர் அளவுகோலும் ஏன் என்பதற்கான விடையைத் தமிழ்நாடு தயாரித்துக்கொள்ளவேண்டியிருக்கும். மாநிலம் தனக்கென மொழியும் சட்டமன்றமும் உடைய கூட்டாட்சி அலகு, மாவட்டம் அத்தகையதன்று என்பது அவ்விடையின் தொடக்கமாக அமையலாம்.

இடம்பெயர்ந்த தொழிலாளரைப் பொறுத்தவரை, அவர்களை எண்ணாமல் விடுவது தீர்வாகாது. அவர்கள் குடிக்கும் நீரும் நடக்கும் சாலையும் இங்கேதான் இருக்கின்றன. சொந்த ஊர்த் தொகுதிக்கு வெளியிடத்திலிருந்தே வாக்களிக்க உதவும் தொலைநிலை வாக்குப்பதிவு எந்திரத்தின் மாதிரியைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்ட முன்வந்தபோது, பல கட்சிகள் எதிர்த்ததால் அம்முயற்சி மேற்செல்லவில்லை. 2025இல் பீகாரிலும் பின்னர் தமிழ்நாட்டிலும் நடந்த வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம், நிலையாகக் குடிபெயர்ந்தோரின் பெயரைப் பழைய ஊரின் பட்டியலிலிருந்து நீக்க வழிசெய்தது; புதிய ஊரில் பெயர் சேராத தொழிலாளி இரண்டு இடத்திலும் வாக்கில்லாதவராகிவிடும் நிலை அதனால் உண்டாகிறது. ஆண்டுக்கணக்கில் இங்கேயே வசிப்பவர் விரும்பினால் இங்கே பெயர் பதிய ஆலை நிர்வாகமும் வருவாய்த் துறையும் வசிப்பிடச் சான்று தருவதும், பருவத்துக்கு வந்து திரும்புவோரின் வாக்கு அவர்கள் ஊரில் நிலைத்திருக்க அங்குள்ள அலுவலர் பொறுப்பேற்பதும், முகாம் தமிழரின் குடியுரிமைச் சிக்கலை ஒன்றிய அரசு முடிவுக்குக் கொண்டுவருவதும் தனித்தனியான மூன்று நடவடிக்கைகள். இவற்றுள் எதுவும் மறுவரையறை ஆணையத்தின் அதிகாரத்துக்குள் வராது. ஆணையம் கோடு மட்டுமே வரையும். அக்கோட்டுக்குள் எண்ணப்பட்டோருள் எத்தனை பேர் வாக்குச்சாவடிக்குச் செல்லமுடியும் என்பது, கணக்கெடுப்புக்கும் வரைவுக்கும் இடைப்பட்ட காலத்தில் திருவள்ளூர் மாவட்டத்தின் வாக்காளர் பதிவு அலுவலகங்களில் நடக்கும் அன்றாட வேலையைப் பொறுத்தது.